புது உரிமையாளருக்கு மாலை போடும் முன்: கால்பந்து கிளப் வாங்க வருபவரின் பழைய கணக்கைப் படிக்க முழு வழிகாட்டி

கிளப் கைமாறப்போகிறது என்ற செய்தி கசிந்த அன்றே ரசிகர்கள் இரண்டு கட்சியாகிவிடுவார்கள். ஒரு கட்சி வருபவரின் நாட்டுக் கொடியைத் தங்கள் பெயருக்குப் பக்கத்தில் ஒட்டிக்கொள்ளும். இன்னொரு கட்சி அவரைத் திட்டத் தொடங்கும். இரண்டிலும் ஒருவர்கூட ஒரு கணக்கறிக்கையைத் திறந்து பார்த்திருக்க மாட்டார்.

இந்த வேலையை நான் உட்கார்ந்து செய்திருக்கிறேன். புதிதாகச் செய்பவர்களின் பக்கத்தில் இருந்தும் பார்த்திருக்கிறேன். அநேகமாக எல்லோரும் முதல் கேள்வியிலேயே சறுக்குகிறார்கள். "ஆளிடம் எவ்வளவு இருக்கிறது?" என்று கேட்கிறார்கள். "இவர் பணம் தரவேண்டியிருந்தவர்களுக்கு இதுவரை என்ன ஆனது?" என்று கேட்க வேண்டும். ஆட்டக்காரர், வரித்துறை, மைதானத்தில் புல் வெட்டுபவர், முந்தைய கிளப்பின் ஊர்க்காரர் எல்லோரும் இதில் அடக்கம்.

கீழே உள்ள படிகள் இந்தக் கேள்விக்கு ஆவணத்தில் பதில் தேடுபவை. உதாரணங்கள் பெரும்பாலும் இங்கிலாந்தைச் சேர்ந்தவை. அங்கே ஆவணங்களை யார் வேண்டுமானாலும் எடுத்துப் பார்க்கலாம், அதனால்தான்.

## தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

முதலில் நிறுவனப் பதிவேடு. இங்கிலாந்தில் அதன் பெயர் கம்பெனீஸ் ஹவுஸ், பார்க்கக் கட்டணம் இல்லை. ஆண்டுக் கணக்கு, இயக்குநர் பட்டியல், சொத்துகள் மீதுள்ள அடமானம் எல்லாம் அங்கேயே கிடைக்கும். பல ஐரோப்பிய நாடுகளிலும் இப்படி ஒன்று உண்டு. சிலவற்றில் சிறு கட்டணம் கேட்பார்கள்.

தனியார் நிறுவனங்கள் நிதியாண்டு முடிந்து 9 மாதத்துக்குள் கணக்கைக் கொடுத்தால் போதும். ஜூன் மாதத்தோடு முடிந்த சீசனின் கணக்கு அடுத்த மார்ச்சில்தான் கண்ணில் படும். நீங்கள் படிப்பது எப்போதும் பழைய படம் என்பதை மறக்காதீர்கள்.

அப்புறம் முந்தைய கிளப்பின் உள்ளூர்ப் பத்திரிகைகள். தேசியப் பத்திரிகை கோப்பையை எழுதும். பேருந்துக்காரருக்குப் பணம் போகாததை உள்ளூர் நிருபர்தான் எழுதுவார். மொழி தெரியாவிட்டால் மொழிபெயர்ப்புக் கருவி போதும், எண்கள் மாறப்போவதில்லை.

கடைசியாக, உங்களோடு ஒத்துப்போகாத ஒரு நண்பர். வருபவரை நீங்கள் விரும்பினால் அவரைப் பிடிக்காத ஒருவரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். இதைத் தவிர்த்தவர்கள் எல்லோரும் தாங்கள் நம்பியதையே கண்டுபிடித்துத் திரும்பியதைப் பார்த்திருக்கிறேன்.

## 1. தேடும் முன்பே கேள்விகளை எழுதிவிடுங்கள்

ஒரு தாளில் ஐந்தாறு கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் எந்தப் பதில் வந்தால் வேண்டாம் என்பீர்கள் என்ற கோடு. உதாரணத்துக்கு: "முந்தைய கிளப்பில் சம்பளம் இரண்டு மாதத்துக்கு மேல் தாமதமானதா? ஆம் என்றால் விளக்கம் வரும்வரை வரவேற்பு இல்லை."

முதலிலேயே எழுதச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஒரு பெரிய ஆட்டக்காரரின் பெயர் அடிபட்டவுடன் கோடு தானாக நகர்ந்துவிடும். தேதி போட்டு எழுதிவைத்தால் நகர்த்தும்போது உங்களுக்கே வெட்கமாக இருக்கும்.

## 2. வாங்குபவரின் சட்டப்பெயரைக் கண்டுபிடியுங்கள்

செய்தியில் வரும் முகமும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் நிறுவனமும் பல நேரம் ஒன்றாக இருப்பதில்லை. நிறுவனத்தின் பெயர், பதிவு எண், எந்த நாட்டில் பதிவு, அதற்கு மேலே யார், அவருக்கு மேலே யார் என்று ஏணி போல எழுதிக்கொண்டே போங்கள். இங்கிலாந்தில் 25 சதவீதத்துக்கு மேல் பங்கோ வாக்கோ வைத்திருப்பவரை நிறுவனம் கம்பெனீஸ் ஹவுஸ் பதிவேட்டில் காட்டியாக வேண்டும்.

ஏணி ஏதோ ஒரு தீவில் போய் நின்றுவிட்டால் அதை மட்டும் வைத்துக் குற்றம் சொல்ல வேண்டாம், யோக்கியமான முதலீட்டாளர்களும் அப்படிப் பதிவு செய்கிறார்கள். ஆனால் "கடைசியில் இருப்பவர் யார்?" என்ற கேள்விக்கு ஒரு மனிதரின் பெயர் வராதவரை அடுத்த படிக்குப் போகாதீர்கள். யாரென்றே தெரியாதவரின் வரலாற்றை எப்படித் தேடுவது?

2009-இல் நாட்ஸ் கவுண்டி கிளப்பின் பெரும்பான்மைப் பங்கு அதன் ரசிகர் அறக்கட்டளையிடம் இருந்தது. மன்டோ ஃபைனான்ஸ் என்ற நிறுவனம் வளைகுடாப் பணம் பின்னால் இருக்கிறது என்ற பேச்சோடு வந்தது. ரசிகர்களே வாக்களித்துப் பங்கை இலவசமாகக் கொடுத்தார்கள். இங்கிலாந்து அணியின் முன்னாள் பயிற்சியாளர் ஸ்வென்-யோரான் எரிக்சன் கால்பந்துப் பிரிவின் இயக்குநராக வந்தார், இங்கிலாந்துக்கு ஆடிய சோல் கேம்ப்பெல் வந்து ஒரே ஒரு ஆட்டம் ஆடிவிட்டுப் போனார். அதே ஆண்டு டிசம்பரில் கிளப் 1 பவுண்டுக்குக் கைமாறியது. சொல்லப்பட்ட பணம் வரவேயில்லை.

இங்கே ரசிகர்கள் செய்த தவறு ஒன்றுதான்: பின்னால் இருப்பவர் யார் என்று கேட்டபோது கிடைத்த "ரகசியம் காக்க வேண்டியிருக்கிறது" என்ற பதிலை ஏற்றுக்கொண்டார்கள். ரகசியம் பத்திரிகைக்கு இருக்கட்டும். பங்கை விற்பவருக்கும் லீக்குக்கும் பெயர் தெரிந்தே ஆக வேண்டும்.

## 3. ஆண்டு வாரியாக ஒரு காலக்கோடு போடுங்கள்

வருபவர் முன்பு வைத்திருந்த கிளப் ஒவ்வொன்றுக்கும் ஒரு விரிதாள். அவர் வருவதற்கு மூன்று ஆண்டு முன்பு தொடங்கி அவர் போய் மூன்று ஆண்டு பிறகு வரை. எந்த டிவிஷன், எத்தனை பயிற்சியாளர், வருவாய், சம்பளச் செலவு, கடன், பாயின்ட் குறைப்பு (விதி மீறலுக்கு லீக் பறிக்கும் புள்ளிகள்).

பின்னும் முன்னும் மூன்று ஆண்டு எதற்கு? கால்பந்தில் பலன் தாமதமாக வரும், பாவமும் தாமதமாகத்தான் வரும். உரிமையாளர் ஜெரார்டு லோபஸ் 2020 டிசம்பரில் பிரான்சின் லீல் கிளப்பை விட்டுப் போனார். 2021 மே மாதம் லீல் பிரெஞ்சு லீக்கை வென்றது. அந்தக் கோப்பை வென்ற அணி அவர் காலத்தில் கட்டப்பட்டது. கடன் சுமையும் அவர் காலத்தில் ஏறியதே. கோப்பையை மட்டும் அவர் கணக்கில் வைப்பது ஒரு தவறு, கடனை மட்டும் வைப்பது இன்னொரு தவறு.

ஸ்பெயினின் மாலகா கிளப் இன்னும் தெளிவான உதாரணம். 2010-இல் கத்தார் அரச குடும்பத்தின் அப்துல்லா அல் தானி வாங்கினார். 2013-இல் சாம்பியன்ஸ் லீக் கால் இறுதி வரை போனார்கள். அதே சீசனின் நடுவில், பாக்கி வைத்த பணத்துக்காக ஐரோப்பியக் கால்பந்து அமைப்பான யூஈஎஃப்ஏ அவர்களுக்குத் தடை விதித்திருந்தது. 2018-இல் இரண்டாம் டிவிஷன். 2020-இல் நீதிமன்றம் நியமித்த நிர்வாகி. ஆட்டப் பட்டியலை மட்டும் பார்த்தவருக்கு 2013 பொற்காலம். பணப் பத்தியைப் பார்த்தவருக்கு அப்போதே தெரிந்திருக்கும்.

நாட்ஸ் கவுண்டி அந்தக் குழப்பமான சீசனில்தான் தன் டிவிஷனில் முதலிடம் பிடித்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். களத்தில் ஜெயிப்பது எதற்கும் சான்றாகாது.

## 4. முந்தைய கிளப்புக்கு என்ன ஆனது?

எல்லாப் படிகளிலும் அதிக நேரம் இதற்குக் கொடுங்கள். முந்தைய கிளப்பில் செய்ததை மனிதர்கள் அப்படியே திரும்பச் செய்கிறார்கள், ஊர் மட்டும் மாறுகிறது.

2017-இல் ரெடிங் கிளப்பை வாங்கிய தை யோங்க கதையைப் பாருங்கள். சீனாவில் அவர் குடும்பத்தின் ரென்ஹ கிளப் ஷான்ஷியிலிருந்து 2012-இல் குய்சோவுக்கும், 2016-இல் பெய்ஜிங்குக்கும் இடம் பெயர்ந்தது. ஒவ்வொரு முறையும் ஓர் ஊரின் ரசிகர்கள் பின்னால் விடப்பட்டார்கள். கடைசியில் அந்தக் கிளப்பே கலைந்தது. பெல்ஜியத்தில் வைத்திருந்த ரூசலாரே 2020-இல் திவாலானது. அப்புறம் ரெடிங்கில் பலமுறை பாயின்ட் குறைப்பு, 2023-இல் மூன்றாம் டிவிஷன், 2024-இல் பெண்கள் அணி தொழில்முறை லீக்கிலிருந்து விலகல். ரசிகர்கள் டென்னிஸ் பந்துகளைக் களத்தில் எறிந்து ஆட்டத்தை நிறுத்திப் போராடினார்கள். கிளப் கைமாற 2025 மே வரை ஆனது.

2017-இல் இதில் எவ்வளவு தெரிந்திருக்கும்? ரூசலாரே திவால் தெரிந்திருக்காது. ஊர் மாற்றங்கள் தெரிந்திருக்கும், ஏனென்றால் அவை அப்போதே நடந்து முடிந்திருந்தன. எனவே "இவர் கிளப்பை அதன் ஊரோடு சேர்த்துப் பார்க்கிறாரா, தூக்கிக்கொண்டு போகக்கூடிய சொத்தாகப் பார்க்கிறாரா?" என்ற கேள்வியை அன்றே கேட்டிருக்கலாம்.

ஒரு எச்சரிக்கை. கிளப் கீழே இறங்கியதாலேயே உரிமையாளர் கெட்டவர் என்று எழுதிவிடாதீர்கள். ஒவ்வொரு சீசனும் மூன்று நான்கு கிளப் இறங்கித்தான் ஆக வேண்டும். இறங்கியபோது சம்பளம் நேரத்துக்குப் போனதா, பணம் அவர் மடியிலிருந்து வந்ததா, கடனாகக் கிளப் மடியில் ஏறியதா என்று பாருங்கள்.

முன்பு கிளப்பே வைத்திருக்காதவர் என்றால் அவருடைய மற்ற நிறுவனங்களைப் பாருங்கள். பதிவேட்டில் இயக்குநர் பெயரைத் தட்டினால் அவர் இருந்த நிறுவனங்கள் எல்லாம் வரும். எத்தனை இயங்குகின்றன, எத்தனை கலைக்கப்பட்டன, அவற்றில் எத்தனை கடனோடு மூடப்பட்டன என்று எண்ணுங்கள். 2018 டிசம்பரில் பரி கிளப் 1 பவுண்டுக்குக் கைமாறியபோது இந்த எண்ணிக்கை பதிவேட்டிலேயே கிடந்தது. பெரும்பாலானோர் பார்த்தது கிளப் அழிவின் விளிம்புக்குப் போன பிறகு. 1885-இல் தொடங்கிய அந்தக் கிளப்பை 2019 ஆகஸ்டில் லீக் வெளியேற்றியது.

## 5. பணம் எந்த வாசல் வழியாக உள்ளே வருகிறது?

"200 மில்லியன் போட்டிருக்கிறார்" என்ற வாக்கியத்துக்கு நான்கு அர்த்தம் இருக்கலாம். புதியவர்கள் அதிகம் ஏமாறும் இடம் இது, அதனால் மெதுவாகப் போவோம்.

முதல் வகை, பங்காகப் போட்டது. கிளப் அதைத் திருப்பித் தரவேண்டியதில்லை. உரிமையாளர் பணத்தைப் பார்க்க வேண்டுமென்றால் பங்கை விற்க வேண்டும். கிளப்புக்கு இதுவே பாதுகாப்பானது.

இரண்டாவது, வட்டியில்லாக் கடன். பிரைட்டனில் டோனி ப்ளூம் 2009 முதல் பெரும்பாலும் இப்படித்தான் கொடுத்தார். கொடுப்பவர் நல்லவராக இருக்கும்வரை நல்லது. ஆனால் கடன் கடன்தான். செல்சீயில் ரோமன் அப்ரமோவிச்சுக்குக் கிளப் தரவேண்டியிருந்தது சுமார் 150 கோடி பவுண்டு. 2022 விற்பனையில் அந்தக் கடனைத் திருப்பிக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

வட்டியில்லாக் கடனைக் கண்டால் அடுத்த கேள்வி: அதைப் பங்காக மாற்றிய வரலாறு உண்டா? லெஸ்டரின் தாய்லாந்து உரிமையாளர்கள் 2023-இல் 19.4 கோடி பவுண்டு கடனைப் பங்காக மாற்றினார்கள். அதே ஆண்டு அணி கீழே இறங்கியது. அணித் தேர்வையும் செலவையும் நீங்கள் விமர்சிக்கலாம், கடன் விஷயத்தில் அவர்கள் சொன்னதைச் செய்தார்கள்.

மூன்றாவது, வட்டிக் கடன். கணக்கறிக்கையின் பின்பக்கக் குறிப்புகளில் "தொடர்புடையோருடன் நடந்த பரிவர்த்தனை" என்ற பொருளில் ஒரு தலைப்பு இருக்கும். உரிமையாளரின் வேறொரு நிறுவனத்துக்கு எத்தனை சதவீத வட்டி போகிறது என்பது அங்கேதான் தெரியும். முதல் பக்கத்தில் வராது.

நான்காவது, கிளப்பை வாங்கிய கடனே கிளப் தலையில் ஏறுவது. மான்செஸ்டர் யுனைடெட்டைக் கிளேசர் குடும்பம் 2005-இல் சுமார் 79 கோடி பவுண்டுக்கு வாங்கியது, பெரும்பகுதி கடன். அதற்கு முன் கடனே இல்லாத கிளப் அது. வாங்கப்பட்டதற்கான வட்டியைக் கிளப்பே கட்டத் தொடங்கியது. பிரீமியர் லீக் இப்படி வாங்குவதற்கு 2023-இல் உச்சவரம்பு போட்டது. தடை செய்யவில்லை.

இந்த நான்கில் எது என்று தெரிந்துகொள்ளக் கணக்கறிக்கையில் மூன்று இடம் பாருங்கள்: பங்கு மூலதனம் ஆண்டுக்கு ஆண்டு கூடியதா, "ஓராண்டுக்குள் செலுத்த வேண்டியவை" எவ்வளவு, பணப்புழக்க அறிக்கையில் கடனாக எவ்வளவு வந்தது. பிறகு பதிவேட்டில் அடமானப் பட்டியல். அங்கே வெளி நிதி நிறுவனத்தின் பெயர் இருந்தால் அந்தக் கடன் எப்போது முதிர்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

முதிரும் தேதி ஏன் முக்கியம் என்பதற்கு ஒரே நகரத்தில் இரண்டு உதாரணம். ஏசி மிலானை 2017-இல் லி யோங்ஹோங் 74 கோடி யூரோ மதிப்பில் வாங்கினார், அதில் 30 கோடிக்கு மேல் எலியட் நிறுவனத்தின் கடன். 2018 ஜூலையில் 3.2 கோடி யூரோ தவணை வராததால் கிளப் எலியட் கைக்குப் போனது. இண்டர் மிலானின் சீன உரிமையாளரான சூனிங் நிறுவனம் 2021-இல் ஓக்ட்ரீ நிறுவனத்திடம் கடன் வாங்கியது. 2024 மே மாதம் கெடு தவறியது. கிளப் கைமாறியது. அதே சீசனில் இண்டர்தான் இத்தாலியச் சாம்பியன்.

இன்னொரு சொல் விளையாட்டு: "கடனில்லாக் கிளப்." பேசுபவர் பெரும்பாலும் வங்கிக் கடன் இல்லை என்கிறார். உரிமையாளர் கடன், ஆட்டக்காரரை வாங்கியதற்கு மற்ற கிளப்புகளுக்குத் தரவேண்டிய ட்ரான்ஸ்ஃபர் தவணை, வரி பாக்கி எல்லாம் அந்த வாக்கியத்துக்கு வெளியே நிற்கும்.

## 6. அந்தப் பணம் எல்லை தாண்டி வருமா?

பணக்காரர் பட்டியலில் பெயர் இருப்பது வேறு, மாதக் கடைசியில் சம்பளக் கணக்குக்குப் பணம் வந்து சேருவது வேறு. பட்டியலில் இருப்பது பெரும்பாலும் பங்குகளின் மதிப்பு.

ஆஸ்டன் வில்லாவை 2016-இல் சீனத் தொழிலதிபர் டோனி ஷியா வாங்கினார். 2017 ஆகஸ்டில் சீன அரசு வெளிநாட்டு விளையாட்டுக் கிளப்புகளில் முதலீட்டைக் கட்டுப்படுத்தியது. 2018 கோடையில் கிளப் வரித் தவணையைத் தவறவிட்டது. சில வாரங்களில் பெரும்பான்மைப் பங்கு வேறு கைக்குப் போனது. பிளாக்பர்னை வைத்திருக்கும் வெங்கிஸ் குடும்பத்துக்கு, 2023 முதல் இந்தியாவிலிருந்து பணம் அனுப்ப நீதிமன்ற அனுமதி கேட்கும் நிலை வந்தது.

எனவே வருபவரின் சொந்த நாட்டில் பணம் வெளியே அனுப்பும் விதிகள், அவர் மீதுள்ள வழக்குகள், பொருளாதாரத் தடை அபாயம் இவற்றுக்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள்.

## 7. மைதானம் யார் பெயரில் இருக்கிறது?

கிளப்பின் பெயரிலா, உரிமையாளரின் வேறு நிறுவனத்தின் பெயரிலா, நகராட்சியிடமா? நிலப்பதிவேட்டில் சிறு கட்டணம் கட்டி எடுத்துவிடலாம்.

டெர்பியில் மெல் மோரிஸ் பிரைடு பார்க்கைச் சுமார் 8 கோடி பவுண்டுக்குத் தன் நிறுவனத்துக்கே விற்றார். ஷெஃபீல்டு வெட்னஸ்டேயில் டெஜ்போன் சான்சிரி ஹில்ஸ்பரோவை சுமார் 6 கோடிக்கு அதேபோல் விற்றார். இரண்டுமே நஷ்டக் கணக்கைச் சமன் செய்ய உதவின. பிறகு கிளப் சிக்கலில் மாட்டியபோது வாங்க வந்தவர்கள் கிளப்புக்கு ஒரு பேச்சு, மைதானத்துக்கு இன்னொரு பேச்சு என்று இரண்டு முறை பேரம் பேச வேண்டியதானது. டெர்பி 2021-இல் திவால் நிர்வாகத்துக்கு (கடனைக் கட்ட முடியாத நிறுவனத்தை வெளி நிர்வாகி நடத்துவது) போய், அந்த சீசனில் மொத்தம் 21 பாயின்ட் இழந்து கீழே இறங்கியது.

மைதானம் கையை விட்டுப் போனால் என்ன ஆகும் என்பதற்கு பிரைட்டன் ரசிகர்களைக் கேளுங்கள். 1997-இல் கோல்ட்ஸ்டோன் மைதானம் போனபின், சொந்த ஊர் ஆட்டத்துக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல் தள்ளியிருந்த கில்லிங்ஹாமுக்கு இரண்டு ஆண்டு போய்வந்தார்கள். காவன்ட்ரியில் வாடகைத் தகராறால் 2013-இல் நார்தாம்ப்டனுக்கும் 2019-இல் பர்மிங்ஹாமுக்கும் ஓட வேண்டிவந்தது.

வருபவரின் மற்ற தொழில் நிலமும் கட்டுமானமும் என்றால் இந்தப் படியை இரண்டு தடவை செய்யுங்கள்.

## 8. சம்பளமும் வரியும் நாளில் போனதா?

உரிமையாளரின் குணம் பெரிய தொகையில் தெரியாது. மாதக் கடைசியில் தெரியும்.

தேட வேண்டிய இடங்கள்: கிளப்பை மூடக் கோரும் மனுக்கள் வெளியாகும் அரசிதழான லண்டன் கெஸட், புது ஆட்டக்காரரைப் பதிவு செய்யத் தடை பெற்ற கிளப்புகளின் ஃபிஃபா பட்டியல், அந்த லீக்கின் ஒழுங்கு நடவடிக்கை அறிவிப்புகள். ஃபிஃபா பட்டியலை யாரும் பார்ப்பதில்லை, ஆனால் பாக்கி வைத்த கிளப்பைப் பிடிக்க அதைவிடச் சுலபமான இடம் இல்லை.

சின்ன அறிகுறிகளையும் விடாதீர்கள். கணக்கு தாமதமாகத் தாக்கலானதா? நிதியாண்டின் முடிவுத் தேதி திடீரென நீட்டப்பட்டதா? தணிக்கையாளர் நடுவில் மாறினாரா? அடுத்த பன்னிரண்டு மாதம் நிறுவனம் தாக்குப்பிடிப்பது உறுதியில்லை என்று தணிக்கையாளர் எழுதியிருக்கிறாரா? கால்பந்தில் இந்தக் கடைசி வாசகம் அடிக்கடி வரும், அதைக் கண்டவுடன் அலற வேண்டாம். ஆனால் போன ஆண்டு இல்லாமல் இந்த ஆண்டு புதிதாக வந்திருந்தால் காரணம் தேடுங்கள்.

ஷெஃபீல்டு வெட்னஸ்டேயில் 2025-இல் பலமுறை சம்பளம் தாமதமானது, ஆட்டக்காரர்களை வாங்கத் தடை வந்தது, அக்டோபரில் கிளப் திவால் நிர்வாகத்துக்குப் போய் 12 பாயின்ட் இழந்தது. இப்படித்தான் படிப்படியாக வரும். முதல் தாமதத்தை "வங்கிக் கோளாறு" என்று சொன்னால் ஒருமுறை நம்பலாம்.

## 9. முடிவு எடுப்பவர் யார்?

பணம் போடுவதையும் முடிவெடுப்பதையும் ஒரே மதிப்பெண்ணில் சேர்க்காதீர்கள். பிளாக்பர்னை வெங்கிஸ் 2010 நவம்பரில் வாங்கினார்கள். அணி 13-ஆம் இடத்தில் இருந்தபோது, டிசம்பரிலேயே பயிற்சியாளர் சாம் அலர்டைஸ் வெளியேற்றப்பட்டார். 2012-இல் இரண்டாம் டிவிஷன், 2017-இல் மூன்றாம் டிவிஷன். ஆனால் அந்த ஆண்டுகள் முழுக்க அவர்கள் நஷ்டத்தை ஈடுகட்டிப் பணம் போட்டுக்கொண்டே இருந்தார்கள். ஒரே ஆள், இரண்டு பதில்.

கால்பந்து தெரிந்த ஒரு நிர்வாகியை முதலில் நியமித்துவிட்டுப் பிறகு பயிற்சியாளரைத் தொட்டாரா, ஏஜென்ட் பேச்சைக் கேட்டாரா என்று பாருங்கள்.

## 10. நிறமும் பெயரும்

இது சீக்கிரம் முடியும். முந்தைய இடத்தில் சின்னத்தையோ நிறத்தையோ தொட்டாரா என்று தேடுங்கள். 2012-இல் வின்சென்ட் டான் கார்டிஃபின் நீலத்தைச் சிவப்பாக்கினார். ரசிகர் எதிர்ப்பில் 2015 ஜனவரியில் நீலம் திரும்பியது. ஹல் சிட்டியை ஹல் டைகர்ஸ் ஆக்கும் முயற்சியைக் கால்பந்துச் சங்கம் 2014-இல் நிராகரித்தது.

எதிர்ப்பு வந்தபோது கேட்டாரா, மிரட்டினாரா என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். இன்னொரு நாள் மைதான விஷயத்திலும் அவர் அப்படித்தான் நடப்பார்.

## 11. "லீக் சோதனையில் தேறிவிட்டார்" என்றால் என்ன?

கிளப் வாங்க வருபவர் தகுதியானவரா என்று லீக் நடத்தும் சோதனை இது. தேறினார் என்றால், தகுதிநீக்கப் பட்டியலில் உள்ள எதுவும் அவர் மீது நிரூபணமாகவில்லை, அவ்வளவுதான். நல்ல உரிமையாளர் என்று பொருளல்ல. மேலே சொன்ன தோல்விகளில் பெரும்பாலானவை ஏதோ ஒரு சோதனையைத் தாண்டி உள்ளே வந்தவர்களால் நடந்தவை. இங்கிலாந்தில் 2025 ஜூலையில் நிறைவேறிய சட்டம் சுயாதீன ஒழுங்குமுறை அமைப்பு ஒன்றுக்கு உரிமையாளர்களைச் சோதிக்கும் அதிகாரம் தருகிறது. அது வந்தாலும் உங்கள் வீட்டுப்பாடம் குறையாது.

சோதனை இழுத்துக்கொண்டே போவதுதான் உண்மையில் பயனுள்ள தகவல். அமெரிக்க முதலீட்டு நிறுவனமான 777 பார்ட்னர்ஸ் 2023 செப்டம்பரில் எவர்டனை வாங்க ஒப்பந்தம் போட்டது. மாதங்கள் ஓடின. அந்த நேரத்தில் அவர்களின் பெல்ஜியக் கிளப் ஸ்டாண்டர்ட் லியேஜிலும் பிரேசிலின் வாஸ்கோவிலும் என்ன நடக்கிறது என்று போய்ப் பார்த்த எவர்டன் ரசிகர்களுக்குப் பதில் முன்பே கிடைத்துவிட்டது. 2024 மே முடிவில் ஒப்பந்தம் காலாவதியானது.

டெர்பியை வாங்க 2022-இல் முன்னணியில் நின்ற கிறிஸ் கிர்ச்னரின் பணம் கெடு தாண்டியும் வரவில்லை. உள்ளூர்த் தொழிலதிபர் ஒருவர் வந்து கிளப்பைக் காப்பாற்றினார். கிர்ச்னர் தன் நிறுவனத்தில் செய்த மோசடிக்காக 2024-இல் அமெரிக்காவில் 20 ஆண்டுச் சிறைத் தண்டனை பெற்றார். வாரா வாரம் "அடுத்த வாரம் முடிந்துவிடும்" என்று கேட்டால், தேதிகளைக் குறித்துக்கொண்டே வாருங்கள்.

## 12. தீர்ப்பை எழுதுங்கள்

எல்லாவற்றையும் கூட்டிப் பத்துக்கு எத்தனை என்று போடாதீர்கள். மைதானத்தை இழப்பது ஒன்றே மற்ற ஒன்பதையும் விழுங்கிவிடும். மூன்று பத்தி போதும்: ஆவணத்தில் உள்ளது, அவர் சொன்னது, யாருக்கும் தெரியாதது. மூன்றாவது பத்தி நீளமாக இருந்தால் வரவேற்பை ஒத்திவையுங்கள்.

முதல் படியில் எழுதிய தாளை இப்போது எடுங்கள். ஒத்துப்போகாத நண்பரை இரண்டாம் பத்தியை வாசிக்கச் சொல்லுங்கள். அங்கிருந்து முதல் பத்திக்கு எதை நகர்த்தலாம் என்று அவரே சொல்வார்.

அவர் ரசிகர்களைச் சந்திக்க வரும்போது கேள்விகள் எழுத்தில் இருக்கட்டும். "கோப்பை வெல்வோமா?" என்று கேட்டு நேரத்தை வீணாக்க வேண்டாம். உங்கள் கடனுக்கு வட்டி எவ்வளவு, மைதானம் கிளப் பெயரிலேயே இருக்குமா, அணி இறங்கினால் அடுத்த இரண்டு ஆண்டுச் சம்பளம் எங்கிருந்து வரும், நீங்கள் விற்கும்போது கடனை என்ன செய்வீர்கள்? நல்ல உரிமையாளர்கள் இதற்கு முகம் சுளிக்க மாட்டார்கள். வேல்ஸின் ரெக்ஸம் கிளப்பை 2020-இல் வாங்க வந்தவர்கள் இடமும் நிறமும் மாறாது என்ற உறுதிமொழியை வெளியிட்ட பிறகே ரசிகர் அறக்கட்டளை வாக்கெடுப்பு நடந்தது. 98.6 சதவீதம் ஆதரவு கிடைத்தது.

பதில்களைத் தேதியோடு ஒரு கோப்பில் வையுங்கள். கைமாற்றம் முடிந்த நாளிலிருந்து கணக்குப் போட்டு, அவர் தாக்கல் செய்ய வேண்டிய முதல் ஆண்டுக் கணக்கின் கடைசி நாளை நாட்காட்டியில் குறியுங்கள். அன்று காலை பதிவேட்டைத் திறந்து ஐந்தாம் படியிலிருந்து மறுபடி தொடங்குங்கள்.